உன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தவர்

கண்ணு,

நிச்சயத்தன்று நீ எல்லோர் முன்னாலும் சொன்ன கதையில் ஒரு தப்பு இருக்கிறது. அன்றைக்கே திருத்தியிருக்கலாம். ஆனால் பெண் வீட்டுப் பெரியப்பா கை தட்டினார், வரப்போகிற மருமகள் என்னைப் பார்த்துக் கண் கலங்கினாள், எனக்கும் பெருமை தலைக்கேறிவிட்டது. இலையில் வைத்த ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். "எங்கம்மா கையால செஞ்ச மெஷின்தான் என்னைக் காப்பாத்துச்சு" என்றாய் நீ. குறைமாதத்தில் பிறந்து மிஷன் ஆஸ்பத்திரியின் சூட்டுப் பெட்டிக்குள் நீ கிடந்தது நிஜம். அந்தப் பெட்டியின் சூட்டைச் சொன்ன மெஷின் நான் செய்தது என்பதும் நிஜம். அது உன்னைக் காப்பாற்றியது என்பதுதான் நிஜமில்லை. கல்யாண மேடையில் யாராவது மைக்கை நீட்டினால் நீ மறுபடியும் அதையே சொல்வாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதற்குள் சரியான கதை உன்னிடம் வந்து சேர்ந்துவிட வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தன் பங்குக்குத் திருத்துவார். இப்போதும் அடுத்த அறையில் பந்தல்காரரோடு போனில் கத்திக்கொண்டுதான் இருக்கிறார். காது மந்தமானதிலிருந்து ஊரே செவிடு என்று அவருக்கு நினைப்பு.

என்னைப் பெற்றவர்கள் கருமத்தம்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, கோயமுத்தூர் கணபதியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நூல் மில்லுகளுக்குச் சூட்டையும் ஈரப்பதத்தையும் அளந்து காட்டும் மீட்டர்கள் அங்கே செய்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சூட்டை நேராக நம்பராகவே சொல்லிவிடும் சின்னச் சின்னச் சிப்புகள் அப்போதுதான் சந்தைக்கு வர ஆரம்பித்திருந்தன. நகத்தின் மேல் வைத்தால் அடங்கிவிடும் அளவு. எங்கள் முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு நகைக்கடைக்காரர் மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவரிடம், குறைமாதக் குழந்தைகளை வைக்கிற பெட்டிக்குச் சூடு காட்டும் மீட்டர் ஒன்று செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டபோது, அவர் என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, இது நீ செய்யி. மில்லு வேலையாட்ட இல்லை இது, குழந்தைக வேலை" என்றார். அப்போது எனக்குக் கல்யாணமாகிப் புதிது. அந்தப் பொறுப்பை ஒரு பெண்ணிடம் நம்பிக் கொடுத்ததற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அந்த மெஷின் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லாமல் மீதிக் கதை உனக்குப் புரியாது. நீ படித்தது கணக்குத் தணிக்கை. அதனால் பொறுமையாகக் கேள். பெட்டிக்குள் குழந்தைக்குப் பக்கத்தில் அந்தச் சிப்பு இருக்கும். வெளியே ஒரு டப்பாவுக்குள் மூளையான பெரிய சிப்பு. இரண்டுக்கும் நடுவே இரண்டே கம்பிகள். ஒரு கம்பியில் தாளம் போகும், இன்னொன்றில் அந்தத் தாளத்துக்குச் சொல் போகும். வெளியே இருப்பது "சூடு எவ்வளவு?" என்று கேட்கும், உள்ளே இருப்பது பதில் சொல்லும். இதில் ஒரு விசேஷம் உண்டு. கம்பியைக் கீழே இழுக்கத்தான் இரண்டு பேருக்கும் தெரியும். மேலே தூக்கிவிட யாருக்கும் தெரியாது. அதைத் தூக்கிவிடுவது ஒரு சின்ன ரெசிஸ்டரின் வேலை. கம்பி குட்டையாக இருந்தால் சட்டென்று தூக்கிவிடும். நீளமானால் கம்பியே பாரமாகிவிடும், தூக்குவதற்குள் அடுத்த தாளம் வந்துவிடும். பதில் குழம்பிப்போகும். எனக்கு இது தெரியாத விஷயமில்லை. ஆனால் கம்பெனி மேசையில் ஒரு சாண் கம்பியில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது பதில் சொடுக்குப் போட்டாற்போல் வந்தது. அதில் மனம் நிறைந்துபோய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மாட்டப் போன அன்று நிலைமை வேறு. நம்பர் காட்டும் டப்பா, நர்ஸ் சிஸ்டர்கள் உட்காரும் மேசைக்கு நேர் மேலே சுவரில் இருக்க வேண்டும் என்றார்கள். மேசை அறையின் ஒரு மூலை, பெட்டி இன்னொரு மூலை. மில்லில் மோட்டார் சத்தம் சிக்னலைக் கெடுக்கக் கூடாது என்று மேலே உலோக வலை சுற்றிய கனமான கேபிள் போடுவோம். அந்தப் பழக்கத்தில் அதையே கொண்டுபோயிருந்தேன், குழந்தைகளுக்கு உயர்ந்த சரக்காகத்தான் போட வேண்டும் என்று. அந்தக் கேபிள் சாதாரணக் கம்பியைவிடப் பாரம். மீந்ததை வெட்டவும் மனசில்லை. நாளைக்குப் பெட்டியை நகர்த்தினால் பத்தாமல் போகுமே என்று அழகாக வளையம் சுற்றி, நாடா கட்டி டப்பாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன். நம்பர் சரியாகத்தான் காட்டியது. பெட்டிக்குள் சூடு மாறாமல் இருக்கிற நேரத்தில் மெதுவான மெஷினும் சரியான மெஷினாகத்தான் தெரியும். டாக்டரம்மா கை குலுக்கினார், காபி கொடுத்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்த ருக்மணி சிஸ்டர் மல்லிகைப் பூ கொடுத்து அனுப்பினார். ஆனைமலைப் பக்கத்துக்காரர். அதிகம் பேசாத மனுஷி, ஆனால் சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பு.

அதற்குப் பிறகு நீ வயிற்றில் வந்தாய். செக்கப்புக்கு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். போகும்போதெல்லாம் அந்த அறைக் கதவில் எட்டிப் பார்த்து, "சிஸ்டர், மெஷின் நல்லா வேலை செய்யுதுங்களா?" என்று கேட்பேன். "நல்லா வேலை செய்யுதுங்க" என்பார் ருக்மணி சிஸ்டர். வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பதிலை நினைத்துச் சிரித்துக்கொண்டே வருவேன்.

நீ அவசரக்காரன். சொன்ன மாதத்துக்கு முன்பே கிளம்பிவிட்டாய். உன்னை என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு உடனே எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு கோழிக்குஞ்சை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாய். மற்ற பெட்டிகளில் வேறு குழந்தைகள். உனக்குக் கிடைத்தது என் மீட்டர் மாட்டிய பெட்டி. உங்கப்பா பீளமேட்டில் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய்க் கறையோடு ஓடி வந்தவர், கண்ணாடிக்கு வெளியே நின்று சுவரிலிருந்த சிவப்பு நம்பரைப் பார்த்துவிட்டு, "நீ செஞ்ச மெஷின் மாட்டுன பெட்டிக்குள்ளேயே உன்ற மகன் இருக்கறான் பாரு. இனி என்ன பயம்" என்றார். எனக்கும் பயம் போய்விட்டது. அந்த நம்பரைப் பார்ப்பதும் உன்னைப் பார்ப்பதும் எனக்கு ஒன்றாகவே இருந்தது.

எழுந்து நடக்க விட்டதும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அன்றைக்கென்று மக்கர் செய்தது. பெட்டியைச் சூடாக்கும் கம்பிகள் அணைந்துவிட்டன. என் மீட்டருக்கு மட்டும் பேட்டரி வைத்திருந்தேன், அதனால் நம்பர் எரிந்துகொண்டிருந்தது. நான் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை. எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவே இருந்தது. அப்பாடா என்று நினைத்த நேரத்தில் ருக்மணி சிஸ்டர் மேசையிலிருந்து எழுந்து வந்தார். சுவரைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் பக்கத்துக் கதவைத் திறந்து, துணிக்கு அடியில் கையை விட்டு, உன் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். அடுத்த நொடி உன்னை வெளியே எடுத்துத் தன் சேலைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்து, மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நம்பர் அப்போதும் நல்ல சேதியே சொல்லிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரே தாவலாகக் கீழே இறங்கியது. அது இறங்கும்போது நீ சிஸ்டரின் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

கரண்ட் வந்து, பெட்டி சூடாகி, உன்னைத் திரும்பப் படுக்க வைத்த பிறகு அவரிடம் போனேன். "சிஸ்டர், நம்பர் சரியாத்தானே இருந்துச்சு? நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"அது சொல்லுமுங்க. சித்த நேரமாகும், அவ்வளவுதானுங்க. நல்ல மெஷினுங்க" என்றார்.

"ஆரம்பத்துல இருந்தே இப்படித்தானுங்களா?"

போர்வையை மடிக்கப் போனார். நான் விடவில்லை. கடைசியில், "வந்த நாள்ல இருந்தே அப்படித்தானுங்க. கதவைத் தொறந்தாலும் நம்பர் அப்படியே நிக்கும். அப்புறமேல் ஒரேடியா குதிக்கும். புதுசா வர்ற பிள்ளைககிட்ட நான் சொல்லி வெச்சிருக்கறேனுங்க, இந்தப் பெட்டிப் பக்கம் போனா காலைத் தொட்டுப் பாத்துப்போட்டு வாங்கன்னு" என்றார்.

"ஏனுங்க சிஸ்டர், நான் வர்றப்பல்லாம் கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"எப்படீங்க அம்மணி சொல்றது? வவுத்துல பிள்ளையோட அம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்து, நல்லா வேலை செய்யுதுங்களான்னு ஆசையா கேக்கறீங்க. இல்லீங்கன்னு சொல்ல வாய் வருமுங்களா."

கண்ணு, இந்தத் தப்பை நம்ம ஊர்க்காரர்கள்தான் செய்ய முடியும். வேறு ஊராக இருந்தால் முதல் வாரமே டப்பாவைக் கழற்றி எங்கள் மேசையில் போட்டு, நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே ஒரு அறை முழுக்கச் சிஸ்டர்கள், ஒருத்தியின் மனம் நோகக் கூடாது என்று பெட்டிக்குப் போய்த் தொட்டுப் பார்க்கிற நடையைக் கூட்டிக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. வரவும் உரிமை இல்லை. நான் கேட்ட கேள்விக்கு மரியாதை தெரிந்தவர்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருந்தது.

முதலாளியைக் கூட்டி வர உங்கப்பாவைக் கம்பெனிக்கு அனுப்பினேன். மெஷினைக் கழற்ற வேண்டும், உன்னை என்ன செய்வது? டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். உங்கப்பாவைக் குளித்துவிட்டு வரச் சொல்லி, என் கட்டிலில் சாய்ந்து உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, உன்னை உள்ளே விட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டார்கள். லேத்தில் இரும்பைக் கடைகிற மனுஷன், மூச்சு விடவும் பயந்து ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்ததைக்கூட ஓட்டவில்லை. "ஏனுங்க, மூச்சு விடுங்க" என்று நான்தான் சொன்னேன். "நீ போயி உன்ற வேலையைப் பாரு. இவனை நான் பாத்துக்கறேன்" என்றார், உதடு அசையாமல்.

கம்பெனியில் ஒரே ஒரு ஆஸிலாஸ்கோப் இருந்தது. கம்பியில் ஓடுகிற சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. முதலாளி அதன் மேல் போர்த்திய துணியைக்கூட எங்களை எடுக்க விடமாட்டார். அவரே அதை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். பிரசவ வார்டு வராந்தாவில், ஜன்னலோரம் ஒரு பெஞ்சியில் கடை விரித்தோம். நான் நைட்டியோடு, காதில் பஞ்சு, தலையில் துண்டு, கையில் சால்டரிங் அயர்ன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பிள்ளை பெற்றவள் இப்படி உட்காரக் கூடாது என்று ஒரு அம்மாள் முதலாளியைத் திட்டிவிட்டுப் போனார். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

முதலில் சிப்பின் மேல்தான் சந்தேகப்பட்டேன். முதலாளி கொண்டுவந்திருந்த புதுச் சிப்பை மாட்டினோம். அவர் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, சர்ச் பூசையில் சாமியார் பக்கத்தில் நிற்கிற பையன் மாதிரி அசையாமல் நின்றார். கை சூட்டுக்கு நம்பர் ஏற வேண்டும். ஏறவில்லை. நின்றது, நின்றுகொண்டே இருந்தது, பிறகு குதித்தது. சிப்பு நிரபராதி. அடுத்து, டப்பாவுக்குப் பின்னால் தொங்கிய கேபிள் முழுவதையும் கழற்றி வைத்துவிட்டு ஒரு சாண் கம்பியில் அதே சிப்பை மாட்டினேன். முதலாளி கையை மூடிய உடனே நம்பர் கடகடவென்று ஏறியது. கேபிளைத் திரும்பப் போட்டேன், நின்றது. எங்கே நோவு என்று தெரிந்துவிட்டது. அப்புறம்தான் ஆஸிலாஸ்கோப்பின் துணியை எடுத்தோம். சுவர் மாதிரி நேராக நிமிர வேண்டிய கோடு, மேட்டில் சைக்கிள் மிதிக்கிறவன் மாதிரி முக்கி முக்கி ஏறியது. உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் சிப்புகள் கீழே இழுத்துவிடுகின்றன. நான் ஆசையாகச் சுற்றி நாடா கட்டி வைத்த வளையம்தான் அந்தப் பாரம்.

அது மட்டுமென்றால் மெஷின் ஒரேயடியாக நின்றுபோயிருக்கும், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மெதுவானதற்குக் காரணம் நான் எழுதிய புரோகிராம். மில்லு வேலைப் பழக்கத்தில், பதில் குழம்பி வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேள் என்று எழுதியிருந்தேன். அடுத்தடுத்து இரண்டு பதில் ஒன்றாக இருந்தால்தான் நம்பு என்றும் எழுதியிருந்தேன். அதுவரை பழைய நம்பரே எரியட்டும் என்று விட்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்கு நம்பர் அணைந்து அணைந்து எரிந்தால் நன்றாக இருக்காதே. ஆக, அந்த மெஷின் உள்ளே திணறிக்கொண்டே வெளியே நல்ல முகம் காட்டியது. நீ இருந்த பெட்டி குளிர்ந்துகொண்டிருந்தபோது, "எல்லாம் சௌகரியமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் நம்ம ஊர்ப் பிள்ளைதான். நான் வளர்த்த வளர்ப்பு.

இதை முதலாளியிடம் சொன்னபோது அழுதுவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேபிள் வளையத்தைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்து, "இத்தனை கனத்தை அந்தப் பொடியன் தூக்கியிருக்கறான் பாரு" என்றார். ரெசிஸ்டரைத்தான் சொன்னார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலமாகத் தூக்கக்கூடிய வேறு ரெசிஸ்டரைச் சால்டர் செய்தேன். கேபிளைக் குறைக்க வேண்டும், ஆனால் மேசை தூரத்தில் இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ருக்மணி சிஸ்டர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கு எதுக்குங்க யோசனை. மேசையை நகத்திக்கறோமுங்க" என்றார். இரண்டு ஆயாக்களைக் கூப்பிட்டு மேசையையும் நாற்காலியையும் தூக்கி, குழந்தைகளின் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டார். அத்தனை நீளக் கேபிளும் அந்த மேசைக்காகத்தான் ஓடியிருந்தது.

பிறகு ஒரு நாள் கம்பெனியில் புரோகிராமையும் மாற்றி எழுதினேன். புதுப் பதில் வராவிட்டால் நம்பர் காட்டாதே, வெறும் கோடு போடு, பீப் சத்தம் கொடு என்று. கோடு பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் அதைப் பார்த்தால் ஆள் எழுந்து வருவார்கள். அன்றைக்கு, மெஷினைத் திரும்ப மாட்டியதும், உன்னை உங்கப்பாவின் சட்டைக்குள்ளிருந்து எடுத்துப் பெட்டியில் விட்டபோது, நம்பர் உன் கூடவே ஏறுவதைப் பார்த்தேன். ருக்மணி சிஸ்டரும் பார்த்தார். "இப்ப சுறுசுறுப்பா சொல்லுதுங்க" என்று பாராட்டினார். பாராட்டிவிட்டுக் கையை உள்ளே விட்டு உன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

இதுதான் நடந்தது. மெஷின் மெதுவாக இருந்த காலமெல்லாம் அந்த அறையில் யாரும் அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து வந்தார்கள், தொட்டார்கள். உனக்கு முன்னால் அந்தப் பெட்டியில் கிடந்த குழந்தைகளையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். நீ பிழைத்தது அந்தக் கைகளால். விவரம் தெரிந்த வயதில் நீ கேட்டபோது உங்கப்பா கதையைச் சுருக்கி, "உங்கம்மா செஞ்ச மெஷின்லதான் பொழச்சே" என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நீ அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தாய். எனக்கு அது பிடித்திருந்தது, விட்டுவிட்டேன். உனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் போக வேண்டிய நன்றி ஒன்று இத்தனை காலமாக என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். "நல்லா இருக்கியா" என்று கேட்காதே. நம்ம ஜனத்திடம் அப்படிக் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். உங்கப்பாவிடம் வருஷக்கணக்கில், "காது நல்லாக் கேக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "கேக்குதே" என்பார். ஒருநாள் ரேடியோவில் செய்தி ஓடும்போது, "இப்ப என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டேன். முழித்தார். அன்றைக்குத்தான் டாக்டரிடம் போனோம். பட்டறைச் சத்தம் தின்றது போக மீதி இருந்ததைக் காப்பாற்ற முடிந்தது. நீ சென்னை ஹாஸ்டலுக்குப் போன முதல் வருஷம் நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில், "நல்லா இருக்கேம்மா" என்றாய். நானும் நம்பினேன், இவ்வளவு பட்ட பிறகும். ஒரு ஞாயிறு ஏதோ தோன்றி, "இன்னைக்கு மத்தியானம் யாரு கூடச் சாப்பிட்டே?" என்று கேட்டேன். நீ பேசவே இல்லை. தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுத்து, படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நீ இருந்தது அப்புறம் தெரிந்தது. உங்கப்பாவும் நானும் அடுத்த பஸ்ஸிலேயே வந்து நின்றோம். அன்றைக்கு நீ சும்மா ஒரு பெயரைச் சொல்லிச் சமாளிக்காமல் பேசாமல் இருந்தாயே, அதற்கு உனக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடமும் கேட்க வேண்டியதைக் கேள். அவள் கேட்கும்போது நீயும் பழைய நம்பரைக் காட்டாதே. தெரியவில்லை என்றால் கோடு போடு, அவள் எழுந்து வருவாள்.

இனி கடைசி விஷயம். பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த முதல் பத்திரிகையை யாருக்கு வைப்பது என்று உங்கப்பா கேட்டபோது, பெரிய மாமாவுக்கு என்று நீ சொல்லியிருந்தாய். மன்னித்துக்கொள், மாமா கொஞ்சம் முறைத்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். போன வியாழக்கிழமை நானும் உங்கப்பாவும் பொள்ளாச்சிக்குப் பஸ்ஸேறினோம். ருக்மணி சிஸ்டர் வேலை ஓய்ந்து இப்போது அங்கே தம்பி வீட்டில் இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டது. வெற்றிலைத் தட்டில் பழம், பூ, பத்திரிகை வைத்து உங்கப்பாவும் நானும் சேர்ந்து நீட்டினோம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பையன் நல்லா இருக்கறானுங்களா?" என்றார். "நல்லா இருக்கறானுங்க" என்றேன். அவர் முகம் முழுக்கச் சிரித்தார். "அப்படிக் கேட்டா நீங்க அப்படித்தானுங்க சொல்லுவீங்க" என்றார். பத்திரிகையை விரலால் தடவிக்கொண்டே, "அவனுக்குக் கால் சீக்கிரம் சில்லுன்னு ஆயிருமுங்க. சூட்டுலயே இருந்தாலும் பாதம் மட்டும் சில்லுன்னு இருக்கும். இப்பவும் அப்படித்தானுங்களா?" என்று கேட்டார்.

கண்ணு, உன் காலை நான் கடைசியாக எப்போது தொட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. "தெரியலீங்க சிஸ்டர்" என்றேன். "அப்ப நானே வந்து பாத்துக்கறேனுங்க" என்றார்.

கல்யாணத்துக்கு வருகிறார். பார்வை பத்தாது, தம்பி மகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் மேடையேறுவார். நீ காலில் விழப் போவாய், விழு. ஆனால் அவர் உன்னைத் தூக்கிவிட்டுத் தானே குனிவார். பெரியவர் நம் காலைத் தொடுவதா என்று பதறி நீ பின்னால் போவாய், நான் உன்னை அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஷூவைக் கழற்றிவிட்டு, காலை இழுத்துக்கொள்ளாமல் நில்.

உன் அம்மா